ஒரு தகடு, பல முனையங்கள்: கணேஷ்கிண்டின் குறுந்தகட்டு ஆண்டுகள்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயில் ஆகுர்டியைக் கடந்ததும் தேஹு ரோடு வருகிறது. துக்காராமின் தேஹு இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இந்திராயணிக் கரையில் உள்ளது. ரயில் நிலையத்தைச் சூழ்ந்திருப்பது கண்டோன்மென்ட். படைத்தளவாடக் கிடங்கும், 1980களில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையும் இவ்வூருக்கு வேலை தந்தன. அவ்வேலையை நம்பித் தெற்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஆய்வுப் படிப்புக்குச் செல்ல விரும்பினால் அவருக்கு அண்மையிலிருந்தது கணேஷ்கிண்டிலுள்ள புனே பல்கலைக்கழகம். தேஹு ரோட்டிலிருந்து அதன் வாயில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

1990களின் தொடக்கத்தில் அந்த வாயிலுக்குள்ளும் அதை ஒட்டியும் இருந்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் (2014 முதல் இது சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது), அதன் ஜெயகர் நூலகம், 1987இல் தொடங்கப்பட்ட உயிர்தகவலியல் மையம், 1988இல் நிறுவப்பட்ட ஐயூகா என்னும் வானியல் மையம், அதே ஆண்டில் பிறந்த சி-டாக், டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ரேடியோ வானியற்பியல் மையம். சற்றுத் தள்ளிப் பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம். ஆய்வுத் தகவல் கணினியேறிக் கிடந்த இடங்கள் இந்தியாவில் அன்று மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் ஒரு வளாகத்துக்குள் கணினிகளை இணைத்த மெல்லிய ஈதர்நெட் வடம், ஒரு துண்டில் அதிகபட்சம் 185 மீட்டர் நீளம்தான் செல்லலாம். ஆய்வுத் தகவல் எட்டிய தொலைவு முதலில் அவ்வளவுதான்.

இந்திய நூலக வலையமைப்புகளின் வரலாறு பெரும்பாலும் பெயர்ச்சுருக்கங்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது: டெல்நெட், கலிப்நெட், மாலிப்நெட், அடிநெட், மைலிப்நெட், புனேநெட், இன்ஃப்லிப்நெட். எந்த ஆண்டில் எந்த அமைப்பு, யார் நிதி, எத்தனை உறுப்பு நூலகங்கள் என்ற அளவில் அவ்வரலாறு நின்றுவிடுகிறது. ஒரு நூலக அறையின் மூலையில் ஒரு குறுந்தகட்டை ஒரே நேரத்தில் எட்டுப் பேர் தேடுவதற்கு எடுத்துக்கொண்ட பாடு அதில் இடம்பெறுவதில்லை. ஆய்வாளர் தாமே தரவுத்தளத்தில் தேடலாம் என்னும் பழக்கம் இணையத்தோடு வந்ததாக இன்று பலர் கருதுகின்றனர். அது பிழை. அப்பழக்கம் குறுந்தகட்டோடு வந்தது. இன்று எல்லாரும் அறிந்த மற்றொன்றும், அதாவது வளாகத்துக்குள் இருப்பவருக்குத் திறப்பதும் வெளியிலிருப்பவருக்கு மூடுவதுமாகிய அந்தக் கதவும், அதே ஆண்டுகளில்தான் பொருத்தப்பட்டது.

தகட்டுக்கு முன்னிருந்த நிலையைச் சொல்லாமல் தகட்டின் மதிப்பு விளங்காது. 1970களின் நடுவில் இன்ஸ்டாக் நிறுவனம், சென்னை ஐஐடியிலிருந்த ஐபிஎம் 370 கணினியில், கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் போன்றவற்றின் காந்த நாடாக்களை ஓட்டி, பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்களுக்கு அவரவர் துறை சார்ந்த புதிய கட்டுரைகளின் பட்டியலை அச்சிட்டு அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அதற்கான கேன்/எஸ்டிஐ என்னும் மென்பொருள் கனடாவிலிருந்து வந்தது. ஆய்வாளர் தம் ஆர்வத்தைச் சில சொற்களாக எழுதிக் கொடுப்பார்; சில வாரங்களில் பட்டியல் வரும்; சொல் பிழையெனில் பட்டியலும் பிழை; திருத்தி மீண்டும் காத்திருக்க வேண்டும். கணினியை அவர் கண்ணாலும் காணமாட்டார்.

அடுத்து வந்தது கடல்கடந்த நேரடித் தேடல். கலிபோர்னியாவிலிருந்த டயலாக் போன்ற தகவல் நிறுவனங்களின் கணினிக்கு இங்கிருந்து தொலைத்தொடர்பு வழியே இணைப்புப் பெற்றுத் தேடலாம். கட்டணமோ இணைந்திருக்கும் நேரத்துக்கும், திரையில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் டாலரில். எனவே விசைப்பலகையில் மாணவர் கை வைக்க விடப்படவில்லை. பயிற்சி பெற்ற நூலக அலுவலர், முன்கூட்டியே தாளில் எழுதித் தயாரித்த தேடற்கோவையை விரைவாகத் தட்டி, விரைவாக வெளியேறுவார். தேடலில் இன்றியமையாததாகிய தடுமாறும் உரிமை அங்கு யாருக்கும் இல்லை. ஒரு சொல்லை இட்டுப் பார்த்து, வந்ததைக் கண்டு, இன்னொரு சொல்லை நினைத்துக்கொள்வது என்பது டாலர் கணக்கில் ஓடும் கடிகாரத்தின் முன் நிகழாத செயல்.

குறுந்தகடு அக்கடிகாரத்தை நிறுத்தியது. 1985இல் அமெரிக்காவில் பிப்ளியோஃபைல் என்னும் நூற்பட்டியல் தகடு வெளிவந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மெட்லைன், எரிக், முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் சுருக்கங்கள் ஆகியவை தகடாயின. ஒரு தகட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட். தட்டச்சுப் பக்கமாகக் கணக்கிட்டால் சுமார் இரண்டரை இலட்சம் பக்கங்கள். ஆண்டுச் சந்தாவை ஒருமுறை செலுத்திவிட்டால் எத்தனை மணி நேரம் தேடினாலும் செலவு ஒன்றே. அன்னியச் செலாவணிக்கு ஒருமுறை ஒப்புதல் பெற்றால் போதும். தொலைபேசிக் கம்பி தேவையில்லை. மின்சாரமும் ஒரு தனிக்கணினியும் போதும். மேலை நாடுகளில் குறுந்தகடு ஒரு வசதி. இந்தியாவில் அது ஓர் உரிமைக்கு நெருக்கமானதாக இருந்தது.

தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் அமைப்பு, சுருக்கமாக நிஸ்ஸாட், 1977இல் தொடங்கப்பட்டது. துறைதோறும் ஒரு தகவல் மையம் என்பது அதன் திட்டம். தோலுக்குச் சென்னை மத்தியத் தோல் ஆய்வு நிறுவனம், உணவுக்கு மைசூர், மருந்துக்கு லக்னோ, கடலியலுக்குக் கோவா என்று பகிர்ந்தபோது வேதியியல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தது. இவற்றோடு, பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில் குறுந்தகட்டுக்கென்றே ஒரு மையத்தையும் நிஸ்ஸாட் அமைத்தது. தோல், உணவு, மருந்து என்ற பொருள்களின் வரிசையில் ஓர் ஊடகத்தின் பெயரும் இடம்பெற்றது சற்று விந்தையான வகைப்பாடு. அக்காலத்தில் அத்தகட்டின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கைக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டங்களாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு இதழ்களின் விலை ரூபாயில் ஒரே வாரத்தில் உயர்ந்தது. நூலகங்கள் சந்தாக்களை வெட்டின. இதழ் குறையக் குறைய, எந்த இதழில் என்ன வந்துள்ளது என்று காட்டும் சுருக்கத் தரவுத்தளத்தின் தேவை கூடியது. இதில் ஒரு கசப்பும் இருந்தது. தகடு ஒரு கட்டுரை உள்ளது என்று அறிவிக்கும். கட்டுரை அந்நூலகத்தில் இராது. இன்ஸ்டாக்குக்கு எழுதி ஒளிநகல் பெற வேண்டும். ஆயினும் இருப்பதையே அறியாமலிருப்பதைவிட அது மேல் என்றே ஆய்வாளர்கள் கருதினர்.

ஆனால் தகட்டின் பிறவிக் குறை ஒன்று உண்டு. ஒரு தகடு, ஒரு டிரைவ், ஒரு கணினி, ஒரு மனிதர் என்ற கணக்கில்தான் அது படைக்கப்பட்டிருந்தது. நூலகங்களில் முன்பதிவுப் பேரேடு வைக்கப்பட்டது. ஆளுக்கு அரைமணி அல்லது ஒருமணி நேரம். தகடு நூலகரின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். கையொப்பமிட்டுப் பெற்று, தொடக்ககால டிரைவ்களுக்குத் தேவைப்பட்ட ஞெகிழி உறையில் வைத்துச் செருக வேண்டும். முடிவுகளை எடுத்துச்செல்லச் சொந்த ஃபிளாப்பியைக் கொண்டுவரப் பல நூலகங்கள் அனுமதிக்கவில்லை, வைரஸ் அச்சம். நூலகத்திலேயே ஃபிளாப்பி வாங்கவேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளிவந்த தம் ஐந்து விதிகள் நூலில் இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டிவைத்த வழக்கத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் சங்கிலி வேறு உருவில் திரும்பியிருந்தது. மெட்லைனின் 1966 முதலான முழுக் கோப்பையும் தேட விரும்பியவரின் பாடு இன்னும் கடினம். தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒரே தேடலை ஒவ்வொரு தகட்டிலும் மீண்டும் தட்ட வேண்டும்.

எனவே தகட்டை வலையமைப்பில் இடுவது என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. அது தொழில்நுட்பத்தில் எளிதன்று. ஏன் எளிதன்று என்பதை விளக்க ஒரு சிறு நிரலின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

1980களின் டாஸ் இயங்குதளம் ஒரு வட்டில் 32 மெகாபைட்டுக்கு மேல் அறியாது. குறுந்தகடோ அதைப்போல் இருபது மடங்கு. 1986இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்சிடெக்ஸ் என்னும் நிரல் இச்சிக்கலை ஒரு தந்திரத்தால் கடந்தது. வேறொரு கணினியில் இருக்கும் வலையமைப்பு வட்டு எனில், அதன் அளவைப் பற்றி டாஸ் கேள்வி கேட்பதில்லை. கோப்பைத் தா என்று மட்டும் கேட்கும். ஆகவே தன் கணினியிலேயே செருகப்பட்டிருக்கும் தகட்டை, எங்கோ வலையமைப்பில் இருக்கும் வட்டு என்று எம்எஸ்சிடெக்ஸ் டாஸிடம் சொல்லிற்று. பொய் வேலை செய்தது. ஆனால் அதே பொய்யால், தகட்டை உண்மையான வலையமைப்பில் பகிர முயன்றபோது, ஏற்கெனவே வலையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட வட்டை மீண்டும் வலைக்குத் தர டாஸ் மறுத்தது. வலையமைப்பு வட்டாக நடித்த காரணத்தால் வலையமைப்புக்கு உதவாமற்போனது. பிந்தைய பதிப்பில் இதற்கென ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. அதற்குள் வேறு நிறுவனங்கள் வேறு வழி கண்டுவிட்டன.

மெரிடியன் டேட்டாவின் சிடி நெட், ஆன்லைன் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸின் ஆப்டி-நெட், சில்வர்பிளாட்டரின் மல்டிபிளாட்டர் ஆகிய அமைப்புகள் பொய்யை ஒரு படி கீழே இறக்கின. வாசகரின் கணினியில் எம்எஸ்சிடெக்ஸ் அப்படியே இருக்கும். அதன் அடியில் உண்மையான டிரைவுக்குப் பதில் ஓர் இயக்கி நிரல். தகட்டின் இன்ன பகுதியைப் படி என்று கட்டளை வந்தால், அதை அந்நிரல் வடத்தின் வழியே தகட்டு வழங்கிக் கணினிக்கு அனுப்பி, விடையைப் பெற்றுத் தரும். வழங்கியில் டிரைவ்கள் கோபுரமாக அடுக்கப்பட்டிருக்கும். அக்கோபுரங்களில் பெரும்பாலும் ஏழு டிரைவ்கள் இருந்ததற்கு அழகியற் காரணம் ஏதுமில்லை. ஸ்கஸி இணைப்பில் முகவரிகள் எட்டு. ஒன்று கட்டுப்பாட்டு அட்டைக்கு, மீதி ஏழு.

வேகம் வேறு கதை. அக்காலத் தகடு நொடிக்கு 150 கிலோபைட் தரும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அதன் ஒளிமுனை நகர அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். ஒரே தகட்டில் இருவர் இரு வேறு சொற்களைத் தேடினால் ஒளிமுனை இருவருக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லடைவின் அடிக்கடி வேண்டப்படும் பகுதிகளை வழங்கியின் நினைவகத்தில் முன்கூட்டியே வைத்திருப்பதே இதற்கு மருந்து. தேடுபவரின் பக்கத்தில் இடநெருக்கடி. டாஸுக்குக் கிடைத்தது 640 கிலோபைட் நினைவகம். வலை அட்டையின் இயக்கி, நெறிமுறை நிரல், எம்எஸ்சிடெக்ஸ் எல்லாம் அமர்ந்த பின் மீந்த இடத்தில் தேடல் மென்பொருள் நுழைய வேண்டும். பல நேரங்களில் அது நுழையவில்லை. எந்த நிரலை மேல் நினைவகத்துக்குத் தள்ளினால் எத்தனை கிலோபைட் மிஞ்சும் என்று கோப்பின் வரிகளை மாற்றி மாற்றிப் பார்த்த நூலக அலுவலர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அவர்களின் உழைப்பு எந்த ஆண்டறிக்கையிலும் பதிவாகவில்லை.

மேற்கண்ட தீர்வு யாவும் ஒரு முன்னனுமானத்தின் மேல் நின்றது: வாசகரின் மேசையில் ஒரு முழுக் கணினி இருக்கிறது. தேடலைச் செய்வது அக்கணினியே. வடம் வெறும் தகட்டுத் துண்டுகளைச் சுமக்கிறது. ஆனால் இந்திய ஆய்வு நிறுவனங்களில் அன்று பலரின் மேசையில் இருந்தது கணினியன்று, முனையம். யூனிக்ஸிலோ வேக்ஸிலோ ஓடும் ஒரு நடுக்கணினி. அதிலிருந்து தொடர்கம்பிகளில் கிளைக்கும் திரையும் விசைப்பலகையும். முனையத்துக்குச் சொந்தமாகச் சிந்தனை கிடையாது. நிரலை ஓட்டாது, அனுப்பும் எழுத்தைக் காட்டும், தட்டும் எழுத்தை அனுப்பும். தனிக்கணினியின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்ததால், நிதி குறைந்த துறைகளும் மாணவர் கூடங்களும் பெற்றது முனையத்தையே. தகட்டைப் பகிர்வதன் பயன் யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவர்களிடமே அதைப் பெறும் கருவி இல்லை.

தடை பல அடுக்கானது. தேடல் மென்பொருள் டாஸுக்காக எழுதப்பட்டது. நடுக்கணினி டாஸ் அறியாது. தகடுகளின் கோப்பமைப்பை யூனிக்ஸ் படிக்கவே சில காலம் பிடித்தது. 1985இல் நெவாடா எல்லையிலுள்ள ஏரிக்கரை விடுதியொன்றில் கூடிய நிறுவனங்கள் வகுத்து, அவ்விடுதியின் பெயரால் ஹை சியரா என்று வழங்கி, 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமாக உறுதிப்பட்ட அமைப்பில், கோப்புப் பெயரின் இறுதியில் அரைப்புள்ளியும் ஓர் எண்ணும் வரும். வேக்ஸ் இயங்குதளத்தின் பழக்கம் அது. வேக்ஸுக்கு அது தாய்வீட்டு வழக்கு. டாஸ் அதை மறைத்துக்கொண்டது. யூனிக்ஸ் முனையத்திலோ அரைப்புள்ளி கட்டளைகளைப் பிரிக்கும் குறியாகையால், அப்பெயரை அப்படியே தட்டியவருக்குப் பிழைச்செய்தியே கிட்டியது.

கோப்பைப் படித்தாலும் திரை சிக்கல் தந்தது. டாஸ் நிரல்கள் விரைவுக்காகத் திரையின் நினைவகத்திலேயே எழுத்துகளை நேராக எழுதின. தொடர்கம்பியின் மறுமுனையிலிருக்கும் முனையத்துக்கு அந்நினைவகம் இல்லை. அதுமட்டுமன்று: டாஸ் திரையில் 25 வரிகள், 1978இல் வந்து பின்னர் எல்லாருக்கும் அளவுகோலாகிவிட்ட விடி100 முனையத்தில் 24 வரிகள். உதவிக்கு எந்த விசை, அச்சிட எந்த விசை என்ற குறிப்புகளைத் தேடல் மென்பொருள்கள் வழக்கமாகக் காட்டியது திரையின் அடிவரியில். முனையத்தில் காணாமற்போனது சரியாக அந்த வரி. அக்குறிப்பு சொன்ன பத்து செயல்விசைகளும் விடி100இன் விசைப்பலகையில் இல்லை, இருந்தவை நான்கு.

இவற்றுக்குக் கண்ட வழிகள் பல. இன்டெல் 386 கணினிகளில் ஓடிய யூனிக்ஸில், விபி/ஐஎக்ஸ், மெர்ஜ் போன்ற மென்பொருள்கள் டாஸையே ஒரு விருந்தாளியாக ஓட்டி, அதன் எழுத்துத்திரையை முனையத்துக்கு மொழிபெயர்த்தன. வைஸ் 60 போன்ற சில முனையங்கள் தனிக்கணினியின் விசைப்பலகையைப் போலவே நடிக்கவும் 25 வரிகளைக் காட்டவும் பழகின. இரண்டாவது வழி, யாரும் அமராத தனிக்கணினிகளை ஒரு சட்டத்தில் அடுக்கி, தொலைக்கட்டுப்பாட்டு நிரலின் மூலம் முனையத்தாருக்கு ஆளுக்கொன்றாகக் கடன்தருவது. நான்கு பேர் தேட நான்கு கணினிகள். முனையம் வாங்கி மிச்சப்படுத்திய பணம் அங்கே செலவாயிற்று. சிக்கல் தீர்ந்தது 1990களின் நடுவில், சில்வர்பிளாட்டர் தன் ஈஆர்எல் அமைப்பைக் கொண்டுவந்தபோது எனலாம். அதில் தேடல் நடப்பது யூனிக்ஸ் வழங்கியில். தகட்டின் உள்ளடக்கத்தை அதன் வன்வட்டுக்கே மாற்றிவிடலாம். வாசகர் தனிக்கணினியிலிருந்தும் வரலாம், எளிய முனையத்திலிருந்தும் வரலாம். தகடு அப்போது வாசிக்கும் பொருளாக இல்லாமல், தபாலில் தரவு வந்துசேரும் உறையாக மாறிவிட்டது.

புனேயில் இத்தொழில்நுட்பக் கதை வேறொரு முயற்சியோடு கலக்கிறது. உயிர்தொழில்நுட்பத் துறை நாடெங்கும் அமைத்த உயிர்தகவல் மையங்களுள் கணேஷ்கிண்ட் மையத்துக்கு விலங்கு வைரஸ்கள் பொறுப்பாயின. மரபணுப் பொறியியல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. மரபுவரிசைத் தரவுகள் அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து நாடாவிலும் பின்னர்த் தகட்டிலும் வந்தன. இன்று உலகம் அறிந்த என்ட்ரெஸ் தேடல்கூட 1990களின் தொடக்கத்தில் தகடாகவே பிறந்தது. 1992இல் பல்கலைக்கழகம், சி-டாக், வேதியியல் ஆய்வகம் ஆகியவை நிஸ்ஸாட் ஆதரவுடன் புனேநெட்டைத் தொடங்கின. நகரத்து நூலகங்களின் இதழ்ப்பட்டியல், நூற்பட்டியல் ஆகியவற்றைத் தொலைபேசி வழியே பிற நூலகங்களும் தேடலாம் என்பது அதன் நோக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃப்லிப்நெட் திட்டம், 1996இல் தனி அமைப்பாகும்வரை ஐயூகாவின் பொறுப்பிலேயே இருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நாட்டின் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் பணி ஒரு வானியல் மையத்தின் மடியில் வளர்ந்தது.

தொலைபேசி வழி என்று எழுதிவிடலாம். அதன் அனுபவம் வேறு. நொடிக்கு 2,400 பிட் வேக மோடத்தில் ஒரு முழுத்திரை எழுத்து நிரம்ப ஏறத்தாழ எட்டு நொடி. கம்பியில் இரைச்சலெனில் எழுத்துக்குப் பதில் குப்பை. நூற்பட்டியலுக்கு அது போதும். ஒரு வரியைக் கேட்டு ஒரு வரியைப் பெறலாம். தகட்டுத் தரவுத்தளத்துக்கோ, தொழில்நுட்பம் இடங்கொடுத்த இடத்திலும் உரிமம் இடங்கொடுக்கவில்லை.

உரிமம் என்னும் இத்தாள்தான் வடத்தைவிட வலிமையானது. நூலகம் தகட்டை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. புதிய தகடு வந்ததும் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றன பல ஒப்பந்தங்கள். சந்தாவை நிறுத்தினால் முப்பது ஆண்டுச் சுருக்கங்களும் போயின. அச்சு இதழின் சந்தாவை வெட்டிய நூலகத்தில் பழைய தொகுதிகளாவது அடுக்கில் நின்றன. தனிக்கணினி உரிமம் ஒரு விலை, வலையமைப்பு உரிமம் வேறு விலை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மேலும் விலை. வலையமைப்பு என்பதன் வரையறை ஒரு கட்டடம் அல்லது ஒரு வளாகம். தொலைபேசியில் வருபவர் அவ்வரையறைக்கு வெளியே. 185 மீட்டர் என்பது வடத்தின் எல்லையாக இருந்தபோது அது இயற்பியல். இடைக்கருவிகளைச் சேர்த்து அதை நீட்டலாம், நீட்டினார்கள். மதிற்சுவர் என்பது எல்லையானபோது அதை நீட்ட எக்கருவியும் இல்லை.

தேஹு ரோட்டிலிருந்து சிவாஜிநகருக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்தில் கணேஷ்கிண்ட் வரும் மாணவருக்கு இதன் பொருள் நேரடியானது. வளாகத்தில் பதிவு பெற்றவராயின் ரயில் நேரத்துக்குள் தேடி முடிக்க வேண்டும். பதிவு பெறாத கல்லூரி ஆசிரியரோ தொழிற்சாலைப் பொறியாளரோ எனில், நூலகரின் நல்லெண்ணமே அவரது உரிமம். பல நூலகர்கள் அந்நல்லெண்ணத்தைத் தாராளமாகவே காட்டினர். அலமாரியின் சாவி கையிலிருந்தவரையில் அவர்களால் அது முடிந்தது.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. 1997 ஜூனில் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மெட்லைனைப் பப்மெட் வழியே உலகம் முழுமைக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. எந்த மெட்லைன் தகட்டுக்காகக் கோபுரங்களும் வலை உரிமங்களும் வாங்கப்பட்டனவோ, அதன் தேவை சில ஆண்டுகளில் மங்கியது. 2003இல் ஐஐடிகள் முதலியவற்றுக்கான இன்டெஸ்ட் கூட்டமைப்பும், 2004இல் பல்கலைக்கழகங்களுக்கான யூஜிசி-இன்ஃபோநெட் மின்னிதழ்த் திட்டமும் சந்தாக்களைக் கூட்டாகப் பேசி வாங்கத் தொடங்கின. பதிப்பகத்தின் கணினி இப்போது கேட்பது ஒரே கேள்வி: இக்கோரிக்கை எந்த வளாகத்தின் ஐபி முகவரியிலிருந்து வருகிறது? நூலகரின் சாவிக்கு அதில் வேலையில்லை.

கணேஷ்கிண்டையும் பாஷாணையும் சுற்றிய மூன்று துறைகளின் தரவு பின்னர் எங்குச் சென்றது என்பதை ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. வானியலில், ஹப்பிள் தொலைநோக்கிக்காகத் தயாரித்த வழிகாட்டி விண்மீன் பட்டியல் 1989இல் இரண்டு தகடுகளாக வந்தது. 1994இல் வெளியான எண்ணிம வான் அளவீடு 102 தகடுகள். ஏழு டிரைவ் கோபுரத்துக்கு 102 தகடு என்றால் எப்போதும் ஒருவர் அருகில் நின்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பொதுப்பணத்தில் உருவான அத்தரவு இன்று யாருக்கும் திறந்துள்ளது. நாசாவின் வானியல் இலக்கியத் தரவுத்தளத்துக்கும், பிரான்சின் விசியர் பட்டியல் தொகுப்புக்கும் ஐயூகாவிலேயே பிரதித்தளங்கள் அமைக்கப்பட்டன. உயிரியலில் மரபுவரிசைகளும் பப்மெட்டும் அவ்வாறே திறந்தவை. வேதியியலில், 1907 முதல் வரும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் அமெரிக்க வேதியியல் கழகத்தின் உடைமை. அது 1990களின் நடுவில் தகடாயிற்று, பின் சைஃபைண்டர் ஆயிற்று, 2010இல் அச்சு வடிவத்தை நிறுத்திக்கொண்டது. இன்றும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் உறுப்பினருக்கே திறக்கிறது. மூன்று துறைகளும் ஒரே விதமான தகடுகளைக் கண்டவை. அவற்றைப் பிரித்தது, தரவை உருவாக்கியவர் யார், அதன் செலவை ஏற்றவர் யார் என்பது.

2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களுமாக ஏறத்தாழ 6,300 இடங்களுக்குச் சுமார் 13,000 இதழ்களைத் திறக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது, ஒரு காலத்தில் ஐயூகாவின் திட்டமாக இருந்த அதே இன்ஃப்லிப்நெட். தேஹு ரோட்டில் வசிக்கும் ஒருவர் பல்கலைக்கழக மாணவராயின், கணேஷ்கிண்டுக்கு ரயிலேறாமல் தம் வீட்டிலிருந்தே நுழைவுச்சொல் இட்டு அவற்றைப் படிக்கலாம். பட்டம் பெற்று அவர் வெளியேறியபின் அந்த நுழைவுச்சொல் செயலிழக்கும். 102 தகடுகளில் வந்த வானம் அப்போதும் அவர் கைபேசியில் திறக்கும்.